கால்குலஸ், இயற்பியல் கணக்குகளில் உதவி கேட்கும் முறை

"இந்தக் கணக்கு வரவில்லை" என்று மட்டும் கேட்டால் முழு விடை கையில் வந்துவிடும். அடுத்த கணக்கும் வராது. எந்த வரியில் நின்றோம் என்று காட்டிக் கேட்டால், சொல்லித் தருபவர் அந்த வரியைத்தான் விளக்குவார். அந்த வரியைக் கண்டுபிடிப்பதிலேயே பாதிப் பிழைகள் தானாகத் தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: 2 கிலோ கட்டை 30 டிகிரி சாய்தளத்தில் சறுக்குகிறது, இயக்க உராய்வுக் குணகம் 0.2. முடுக்கம் 2.94 என்று வருகிறது, புத்தகத்தில் 3.2. கேட்பதற்கு முன் கட்டையை மட்டும் தனியாக வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டுங்கள். எடை 19.6 நியூட்டன். சாய்தளத்தின் வழியே அதன் கூறு 9.8. தளத்துக்குச் செங்குத்தான விசை எவ்வளவு? 19.6 என்று போட்டிருந்தால் உராய்வு 3.92 ஆகி, விடை 2.94-க்கு வந்து நிற்கும். எடையின் ஒரு பகுதிதான் தளத்தை அழுத்துகிறது: 19.6-ஐ கொசைன் 30-ஆல் பெருக்கினால் 16.97. உராய்வு 3.39, முடுக்கம் 3.2. இவ்வளவு எழுதிப் பார்த்த பிறகும் புரியாமல் நிற்பது, "செங்குத்து விசை ஏன் எடையைவிடக் குறைவு?" என்ற ஒரே கேள்விதான். அதைக் கேளுங்கள்.

இயற்பியலில் அடுத்துப் பார்க்க வேண்டியது அலகு. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு நேரம் கேட்டால், உயரத்தின் இருமடங்கான 40-ஐ ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்தால் 4.08 வரும். ஆனால் அதன் அலகு வினாடியின் வர்க்கம். வர்க்கமூலம் எடுக்க மறந்திருக்கிறீர்கள், சரியான விடை 2.02 வினாடி. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றாமல் போட்டால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறத்தாழ 13 மடங்கு பெரிதாகிவிடும்.

கால்குலஸில் சோதிப்பது இன்னும் எளிது. தொகையிட்டு வந்த விடையை வகையிட்டுப் பாருங்கள், கேள்வி திரும்பி வர வேண்டும். புத்தக விடையோடு பொருந்தவில்லை என்றதும் தவறு என்று முடிவு கட்டாதீர்கள். சைனையும் கொசைனையும் பெருக்கி இருமடங்காக்கித் தொகையிட்டால், ஒருவருக்கு சைனின் வர்க்கம் வரும், இன்னொருவருக்குக் கொசைன் வர்க்கத்தின் எதிர்க்குறி வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 என்ற மாறிலி மட்டுமே.

வகையிடலுக்குக் கால்குலேட்டர் போதும். எக்ஸ் வர்க்கத்தின் 3 மடங்குக்கு சைன் எடுத்து வகையிடும் கணக்கில், எக்ஸ் 1.001, எக்ஸ் 1 ஆகிய இரண்டிடத்திலும் மதிப்பு கண்டு, வித்தியாசத்தை 0.001-ஆல் வகுங்கள், −5.94-ஐ ஒட்டி வர வேண்டும். உங்கள் சூத்திரம் −0.99 தந்தால் சங்கிலி விதியில் உள்ளே இருப்பதை வகையிடவில்லை. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கட்டும். டிகிரியில் இருந்தால் சைனின் வகைக்கெழு 0-வில் 1 வராமல் 0.01745 வரும். அதைப் பார்த்துவிட்டுச் சூத்திரத்தைச் சந்தேகிப்பவர்கள் ஏராளம்!

வரையறுத்த தொகையில் பிரதியிடும்போது எல்லைகளையும் மாற்ற வேண்டும். எக்ஸ் வர்க்கத்தோடு 1 கூட்டியதைப் புதிய மாறியாக வைத்தால், 0 முதல் 2 வரை என்பது 1 முதல் 5 வரை ஆகிவிடும். பழைய எல்லையையே போட்டுவிட்டு, பிரதியிட்டதில் தவறு தேடிப் பயனில்லை.

கேட்கும்போது கேள்வியை அச்சில் உள்ளபடியே முழுதாகக் கொடுங்கள். "உராய்வைப் புறக்கணி", "ஓய்வு நிலையிலிருந்து" போன்ற சிறு தொடர்களைச் சுருக்கும்போது விட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும். படம், உங்கள் வரிகள், உங்கள் விடை, புத்தக விடை, வகுப்பில் எதுவரை நடந்திருக்கிறது என்பது எல்லாம் சேரட்டும். இல்லையென்றால் சக்தி அழிவின்மை விதியை இன்னும் படிக்காதவருக்கு அதை வைத்தே விளக்கம் வரும். இதையே செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால், "விடை சொல்ல வேண்டாம், என் மூன்றாம் வரி சரியா?" என்று கேளுங்கள், அது தரும் எண்ணையும் மேலே சொன்ன சோதனைகளில் போட்டுப் பாருங்கள்.

விளக்கம் கிடைத்ததும் அதை மூடிவிட்டு, மறுநாள் வெற்றுத்தாளில் அந்தச் சாய்தளக் கணக்கை 30 டிகிரிக்குப் பதில் 45 வைத்துப் போட்டுப் பாருங்கள். முடுக்கம் 5.5 வர வேண்டும்.