செப்புச் சாமான்களுக்கு ஓர் அடுக்களை

பாட்டி காலத்து விளையாட்டுச் சாமான்களான பித்தளைச் செப்புகளையும் மாக்கல் சட்டிகளையும் காட்சிக்கு வைப்பதற்காக, 1 அடிக்கு 1 அங்குலம் என்ற கணக்கில், முற்றமும் அடுக்களையுமாக ஒரு சிற்றறையை ப்ளைவுட்டில் செய்திருந்தேன். கும்பகோணத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், கண்ணாடி மூடிய அந்த அறைக்குள் இருந்த குடத்தின் கழுத்து மடிப்பில் பச்சை பூத்தது. வெளியே அலமாரியில் இருந்த அதன் ஜோடியோ சற்று மங்கியதோடு சரி. ப்ளைவுட்டும் அதன் பசையும் வெளிவிடும் அமில ஆவி, மூடிய இடத்தில் ஈரக்காற்றோடு சேர்ந்து தங்கி உலோகத்தை அரிக்கிறது. வார்னிஷ் அடித்தால் போதும் என்றார் தச்சர். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆகவே சுவர்களை அக்ரிலிக் தகட்டுக்கு மாற்றி, சுண்ணாம்பு நிறம் பூசி, வாடை முற்றிலும் போகும்வரை உலரவிட்ட பிறகே பொருத்தினேன். பரணுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை மறைத்து வைத்து, அதன் நீல மணிகள் இளஞ்சிவப்பாகும்போது மாற்றிவிடுகிறேன். பச்சையை மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்தால் பழைய மெருகும் சேர்ந்து போய்விடும். அளவுக்கு மீறிய அண்டாவை முற்றத்தின் முன்னோரத்துக்கு நகர்த்தியதும், அது அருகில் இருப்பதுபோல் தோன்றி உறுத்தாமல் போயிற்று. உள்ளங்கை அகல உரலுக்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை.