சர்ஃபேஸில் லினக்ஸ்: அந்த நீலத் திரையைத் தாண்டிவிடாதீர்கள்

மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் கணினிகளில் உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் அப்படியே ஏறிவிடும். ஆனால் பல மாடல்களில் தொடுதிரையும் பேனாவும் சரியாக வேலை செய்ய, லினக்ஸ்-சர்ஃபேஸ் திட்டம் தரும் தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேண்டும். அதைப் போடுவது சுலபம்: அவர்களின் ரெப்போவை (மென்பொருள் களஞ்சியம்) சேர்த்து, கெர்னலோடு ஐபிடிஎஸ்டி (தொடுதிரைக்கான நிரல்), செக்யூர் பூட் (நம்பகமான கெர்னலை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) சாவி இரண்டையும் நிறுவினால் போதும்.

சிக்கல் அதற்கப்புறம்தான். ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை சில நொடிகள் மட்டும் நிற்கும். அதில் எம்ஓகே பதிவை (Enroll MOK, அதாவது அந்தச் சாவியைக் கணினி ஏற்கச் செய்வது) தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லாக 'சர்ஃபேஸ்' (surface) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். முதல் தடவை நான் காபி எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் திரை போயே போச்சு. செக்யூர் பூட் புதுக் கெர்னலை உள்ளே விடவில்லை. சாவி பேக்கேஜை மறுபடி நிறுவித்தான் அந்தத் திரையை வரவழைத்தேன்.

உள்ளே போனதும் டெர்மினலில் 'யுனேம் -ஆர்' (uname -r) கொடுங்கள், ஓடும் கெர்னலின் பெயர் வரும். பதிலில் சர்ஃபேஸ் என்ற சொல் இருக்க வேண்டும். உபுண்டுவின் வழக்கமான கெர்னலின் எண் பெரிதாக இருந்தால் க்ரப் (தொடங்கும்போது கெர்னலைத் தேர்வு செய்யும் நிரல்) அதையே தேர்ந்தெடுத்துவிடும். 'நேற்று வேலை செய்த தொடுதிரை இன்று இல்லையே' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியை முதலிலேயே எழுதி வையுங்கள். வட்டை என்கிரிப்ட் செய்வதாக இருந்தால் யுஎஸ்பி கீபோர்டு ஒன்று கையில் இருக்கட்டும். சில மாடல்களில் கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் சொந்தக் கீபோர்டே விழித்திருக்காது.