பாட் பொருத்தும்போது நட்டு முதலில், ஈயம் கடைசியில்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய பர்மா தேக்குப் பலகையில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி செய்தேன். ஆறே மாதத்தில் வால்யூமைத் திருகினாலே கரகரப்பு. திறந்து பார்த்தால் பாட் (வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) நன்றாகத்தான் இருந்தது. நடுக்காலைச் சுற்றி ஈயத்தில் மட்டும் முடி போல ஒரு விரிசல் வட்டம்.

பாட்டை சர்க்யூட் போர்டில் பற்றவைத்துவிட்டு, அப்புறம் முகப்பில் நட்டை முறுக்கியிருந்தேன். துளை அரை மில்லிமீட்டர் விலகினாலும் அந்த இழுப்பு முழுக்க மூன்று கால்களுக்குத்தான் போகும். அதனால் முதலில் பாட்டை முகப்பில் மாட்டி நட்டை இறுக்குங்கள். போர்டைக் கால்களில் செருகி, அதன் ஸ்க்ரூக்களையும் முடுக்கிய பிறகே ஈயம் வையுங்கள்.

வளையக் கால் உள்ள பாட் என்றால் டாட் போர்டின் (வரிசையாகத் துளைகள் உள்ள சர்க்யூட் போர்டு) 1 மி.மீ. துளைக்குள் நுழையாது. ரெசிஸ்டரில் வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளை வளையத்தில் பற்றவைத்துக் கீழே இறக்கினால் சரி.

பாட்டின் மரைக் கழுத்து குட்டை. கனத்த பலகையில் நட்டு ஏறாது. பலகையில் பெரிய துளை போட்டு, பின்னால் அலுமினியத் தகடு வைத்து அதில் பொருத்துங்கள். பக்கத்தில் நீட்டியிருக்கும் சின்ன நாக்கை உடைத்துவிடாதீர்கள். அதற்கும் தகட்டில் ஒரு துளை போட்டால் குமிழைத் திருகும்போது பாட்டின் உடம்பு சுழலவே சுழலாது. உலோக முதுகு போர்டின் தடங்களில் படாமல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். தகட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு வயர் இழுத்தால், குமிழில் விரல் வைக்கும்போது வரும் இரைச்சலும் அடங்கும்.