இன்டராக்ஷன் டிசைன் படித்து முடித்தவர்களுக்கு: போர்ட்ஃபோலியோ, முதல் வேலை, மேற்படிப்பு

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டிசைன் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஆப்பையோ மெஷினையோ ஆட்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பார்த்து அதன் திரைகளை அமைப்பதுதான் இன்டராக்ஷன் டிசைன். மே, ஜூன் வந்தால் போர்ட்ஃபோலியோக்கள், அதாவது வேலை தேடுவோர் தாங்கள் செய்ததைக் காட்டும் தொகுப்புகள், வந்து குவியும். பெரும்பாலானவற்றை முதல் பக்கத்திலேயே மூடிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் மூடுகிறேன், மூடாமல் இருக்க நீங்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

போர்ட்ஃபோலியோவில் முதலில் செய்ய வேண்டியது, கழிப்பது. ஸ்விக்கி ரீடிசைன், ஸ்பாட்டிஃபை ரீடிசைன், தியானம் பழக ஒரு ஆப்: இந்த மூன்றும் உங்கள் வகுப்பில் பாதிப் பேரிடம் இருக்கும். 'ராகுல், 28 வயது, பெங்களூரு, காபி பிடிக்கும்' என்று ஒரு பெர்சோனாவும் (கற்பனைப் பயனாளர்) இருக்கும். அந்த ராகுலை நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவருக்கு வயது ஏறவே இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு வேலையை ஆழமாக வையுங்கள். இரண்டு இருந்தால் நல்லது. ஐந்து வேண்டாம். அழகான திரையை இன்று ஏ.ஐ. கருவி ஒரு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடும். ஏன் இப்படிச் செய்தீர்கள், எதைச் செய்து பார்த்துத் தூக்கிப் போட்டீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

அந்த ஒரு வேலைக்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். புறநகர் ரயில் நிலையத்துக்குப் போங்கள். தானியங்கி டிக்கெட் மெஷின் இருக்கும், தொடுதிரை. பயணி தானே எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தது. ஆனால் பல இடங்களில் பக்கத்தில் ஒருவர் நின்று எடுத்துக் கொடுப்பார், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். ரயில்வேயே செய்த ஏற்பாடு அது, ஃபெசிலிடேட்டர் என்று பெயர். தானாக இயங்கும் மெஷினுக்கு ஏன் ஒரு ஆள் தேவைப்படுகிறார்? இந்தக் கேள்வியோடு காலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். மெஷின் காலியாக இருந்தும் யார் கவுன்டர் வரிசைக்குப் போகிறார்கள்? தானே எடுப்பவரின் விரல் எந்தத் திரையில் தயங்குகிறது? பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டும்போது என்ன ஆகிறது? பணம் கட்டும் இடத்தில் யார் விலகிப் போகிறார்கள்? நோட்டில் எழுதுங்கள், படம் எடுக்க வேண்டாம். அந்த ஃபெசிலிடேட்டரிடம் பேசுங்கள். 'ஐயா, ஜனங்க உங்ககிட்ட அடிக்கடி என்ன கேப்பாங்க?' என்ற ஒரு கேள்வி போதும்.

பிறகு அந்த மெஷினுக்கு நீங்கள் யோசித்த திரைகளைத் தாளில் வரைந்து ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதினார். அது ஒரே வகைப் பயனாளர்களுக்குத்தான் பொருந்தும் என்பதைச் சேர்த்து நினைவில் வையுங்கள். ஐந்து பேரும் உங்கள் கிளாஸ்மேட் என்றால் மெஷினைக் கண்டு ஒதுங்கும் அத்தையைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. 'நல்லா இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'தாம்பரத்துக்குப் போய் வர ரெண்டு டிக்கெட் எடுங்க அத்தை' என்று வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அத்தை தடுமாறும்போது உங்கள் கை தானாக உதவப் போகும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தமிழில் டிசைன் செய்து காட்டுங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவில் தமிழ்த் திரை அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது, எனக்கு அது புரிவதே இல்லை. ஆங்கிலத்தில் கச்சிதமாக நின்ற பட்டன் தமிழில் இரண்டு வரியாகும். வரி இடைவெளியை இறுக்கினால் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். பெயர் எழுதும் கட்டத்துக்கு 12 எழுத்து என்று வரம்பு வைத்தால் 'கிருஷ்ணமூர்த்தி' அதில் அடங்க மாட்டார்: கண்ணுக்கு 8 எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு கணக்கில் 15. இதை ஒரு பக்கத்தில் காட்டி, எப்படிச் சரிசெய்தீர்கள் என்றும் எழுதினால், நான் அன்றைக்கே கூப்பிடுவேன்.

அணுகல்தன்மைக்கு, அதாவது பார்வை குறைந்தவர்கள் உட்பட எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கு, தனி அத்தியாயம் தேவையில்லை, எண்கள் சரியாக இருந்தால் போதும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) குறைந்தது 4.5:1. தொடும் இடம் குறைந்தது ஆண்ட்ராய்டில் 48 டி.பி., ஐபோனில் 44 பாயின்ட் (இரண்டும் திரை அளவுக்கான அலகுகள்). வெளிர் சாம்பல் எழுத்து உங்கள் லேப்டாப்பில் நாகரிகமாகத் தெரியும். மே மாத வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று அதைப் போனில் படித்துப் பாருங்கள்.

திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் கம்போனென்ட் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாகம்), ஆட்டோ லேஅவுட் (உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானே மாறும் அமைப்பு) இரண்டும் கைவசம் இருக்கட்டும். இணையப் பக்கம் எழுதும் ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஓரளவு தெரிந்தால் டெவலப்பரோடு சண்டை குறையும்.

வேலைக்கு வருவோம். இன்டர்வியூவில் கடைசியில் 'ஏதாவது கேக்கணுமா?' என்பார்கள். 'இல்ல சார்' என்று எழுந்துவிடாதீர்கள். என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்கள், வாடிக்கையாளரிடம் டிசைனர் நேராகப் பேச முடியுமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். 'நீங்கதான் டிசைன் டீமே' என்றால், முதல் வேலைக்கு அந்த இடம் வேண்டாம். சம்பளம் கொஞ்சம் கூட இருந்தாலும் வேண்டாம். திருத்த ஆளில்லாத இரண்டு வருடம் பின்னால் அதிகம் செலவு வைக்கும். வீட்டில் செய்து வரச் சொல்லும் அசைன்மென்ட் ஒரு வார இறுதிக்கு மேல் இழுத்தால், அல்லது அவர்கள் விற்கும் பொருளுக்கே முழுத் திரைகள் கேட்டால், அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட்டுச் சேரச் சொன்னால் சேராதீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மேற்படிப்பை உடனே தொடங்க வேண்டுமா? இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவதே நல்லது என்பது என் கட்சி. எதைப் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். எம்.டெஸ். (டிசைன் முதுகலை) படிக்க ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சி.இ.இ.டி. (CEED) நுழைவுத் தேர்வு வழக்கமாக ஜனவரியில் வரும். விண்ணப்பம் முந்தைய அக்டோபர் வாக்கில் தொடங்கும். மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். இரண்டாம் பகுதியில் கையால் வரைய வேண்டும், அதனால் ஃபிக்மா பழகிய கைக்கு இப்போதே தினமும் அரை மணி நேரம் பென்சில் கொடுங்கள். என்.ஐ.டி.க்கு (NID, தேசிய டிசைன் நிறுவனம்) தனித் தேர்வு உண்டு. மூன்று மாத பூட்கேம்ப் சான்றிதழை நான் குறை சொல்லவில்லை, ஆனால் டிசைன் பட்டம் கையில் இருப்பவருக்கு அந்தக் காசு தண்டம்.

யாருக்காவது கருத்துக் கேட்டு எழுதும்போது, 'என் போர்ட்ஃபோலியோவைப் பாருங்கள்' என்று மட்டும் அனுப்பினால் பதில் வராது. ஒரே ஒரு இணைப்பு, ஒரே ஒரு கேள்வி: 'நாலாவது திரையில் ஊர்ப் பட்டியலுக்குப் பதில் வரைபடம் வைத்தேன், பெரியவர்கள் தடுமாறினார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?' ஒரு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் இன்னொரு முறை எழுதலாம். மூன்றாவது முறை வேண்டாம், வேறு ஆளிடம் போங்கள்.