பாண்டானைப் பிரித்து நடும்போது

தாழ்வாரத் தொட்டியில் பாண்டான் (சமையலுக்கு வாசனை தரும் இலைச்செடி) நெருக்கியடித்து, புது இலைகள் குட்டையாக வர ஆரம்பித்தால், பிரித்து நட நேரம் வந்துவிட்டது. முழுச் செடியையும் பிடுங்க வேண்டாம். தாய்த்தண்டின் பக்கத்தில் முளைத்த கன்றுகளில் ஒரு சாண் வளர்ந்ததைப் பாருங்கள். அடியில் வெளிர் நிறத்தில், பென்சில் தடிமனில் இரண்டு மூன்று வேர்கள் தொங்கும். அந்த வேரோடு, தண்டை ஒட்டிக் கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். வேர் விடாத கன்றை விட்டுவிடுங்கள், அவசரமில்லை.

அடி இலைகள் நாலைந்தைக் கழித்துவிட்டு நடலாம். கழித்தவை வீணில்லை, அன்றைக்கே தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கு ஆகும்! நடுக்குருத்து மண்ணுக்குள் போகக்கூடாது, அழுகிவிடும். நான் முதல் தடவை அப்படித்தான் இரண்டு கன்றுகளைக் கெடுத்தேன்.

இரண்டு வாரம் நிழலில் வையுங்கள், மண் ஈரமாக இருக்கட்டும். அப்புறம் காலை வெயில் போதும்.

ஒரு விஷயம்: தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டே இல்லாமல் வைத்தால் நல்லது. தட்டு வைத்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். இலைக்கணுக்களில் மழைநீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள்.