வீட்டு ஓவனிலும் முகாம் தணலிலும் பிளாக்பெர்ரி இனிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவு ஓட்டுக்குள் பழத்தை வைத்துச் சுடும் பிளாக்பெர்ரி பையை (pie) வெட்டியவுடன் தட்டில் குளம் கட்டினாலும், கேக்கில் பழத்தைச் சுற்றிய இடம் மட்டும் வேகாத மாவாக நின்றாலும், ஜாம் ஆறிய பிறகும் இறுகாமல் ஓடினாலும், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பழத்தின் சாறு. பல சிறு மணிகள் திரண்டு உருவான பழம் இது. ஒவ்வொரு மணியிலும் ஒரு விதையும் அதைச் சுற்றிய சாறும் மிக மெல்லிய தோலுக்குள் அடைபட்டிருக்கின்றன. பழத்தின் எடையில் ஏறக்குறைய 88 சதவீதம் நீர்தான். அந்த நீர் எந்த நேரத்தில் வெளியேறுகிறது, வெளியேறிய நீரை எது கெட்டிப்படுத்தப் போகிறது என்பதைக் கவனிக்காமல் செய்முறைக் குறிப்பை மட்டும் நம்புவதால்தான் பல இனிப்புகள் கெடுகின்றன.

பிழை சில சமயம் பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கறுத்துப் பளபளக்கும் பழமே நன்கு கனிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நிலையில் புளிப்பு இன்னும் தூக்கலாகவே இருக்கும். பளபளப்பு சற்று மங்கி, மணிகள் பருத்து, லேசாக இழுத்ததுமே செடியிலிருந்து கழன்று வருவதே முழுக்கக் கனிந்த பழம். பறித்த பின் பிளாக்பெர்ரியில் இனிப்பு ஏறுவதில்லை என்பதால், சிவந்த பழங்களை வாங்கி வைத்துக் காத்திருப்பது வீண். அதே வேளையில், ஃபிரிட்ஜில் வைத்த கறுத்த பழத்தில் சில மணிகள் சிவப்பாக மாறியிருந்தால் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடக் கூடாது. வெயில் நேரத்தில் பறிப்பதாலும் கையாளும்போது அடிபடுவதாலும் ஏற்படும் நிறமாற்றம் அது.

வாங்கி வந்தவுடன் கழுவி வைப்பதும் வேண்டாம். மணிகளுக்கு இடையில் தங்கும் ஈரம் பூஞ்சைக்கு வழிவிடும். அகலமான டப்பாவில் உறிஞ்சும் காகிதத்தை விரித்து, கழுவாமலே பரப்பிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். சமைப்பதற்குச் சற்று முன்பு சல்லடையில் இட்டு மென்மையாக அலசினால் போதும்.

பை, காப்ளர் (பழத்தின் மேல் மாவுக் கட்டிகளை இட்டுச் சுடும் இனிப்பு) போன்றவற்றுக்கான பழக்கலவையில்தான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். சர்க்கரை பழத்தின் மீது பட்ட கணத்திலிருந்து சாற்றை வெளியே இழுக்கத் தொடங்கிவிடும் என்பதால், கலவையைத் தயாரித்து வைத்துவிட்டு மாவு பிசையப் போகிறவர், திரும்பி வரும்போது பாத்திரத்தின் அடியில் ஊதா நிறக் குட்டையைப் பார்ப்பார். அதை அப்படியே மாவின் மீது ஊற்றினால் அடி நிச்சயம் ஊறிப்போகும். ஒன்று, கடைசி நிமிடத்தில் கலக்க வேண்டும். அல்லது வேண்டுமென்றே அரை மணி நேரம் ஊறவிட்டு, சாற்றை மட்டும் வடித்து, அது பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, ஆறிய பின் பழத்துடன் சேர்க்க வேண்டும். கூடுதல் வேலை என்றாலும் இரண்டாவது வழியே மேலானது. நீர் குறைவதோடு பழத்தின் மணமும் அடர்த்தியாகிறது.

600 கிராம் பழத்துக்கு 100 முதல் 150 கிராம் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு என்பது நம்பகமான அளவு. இறுகவில்லை என்றால் அடுத்த முறை கார்ன்ஃப்ளாரைக் கூட்டுவதுதான் வழக்கம். ஆனால் பல நேரங்களில் போதாமல் போனது வெப்பமே. கார்ன்ஃப்ளார் முழுமையாகக் கெட்டிப்பட ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸ் வேண்டும், சர்க்கரை அதிகமுள்ள கலவையில் இன்னும் தாமதமாகும். மேல் மாவு பொன்னிறமானதைப் பார்த்து வெளியே எடுத்தால், நடுவில் உள்ள கலவை அந்த வெப்பத்தை எட்டியிருக்காது. மாவில் போட்ட கீறல்கள் வழியே பார்க்க வேண்டும்: முதலில் ஓரத்தில் மட்டும் கலங்கலான, நீர்த்த குமிழிகள் வேகமாக வரும்; பின்னர் நடுப்பகுதியிலும் கலங்கல் தெளிந்து, கனத்த குமிழிகள் மெதுவாக எழுந்து உடையும். அதுவே இறக்கும் தருணம். மேற்புறம் அதற்குள் கறுக்கத் தொடங்கினால் அலுமினியம் ஃபாயிலால் தளர்வாக மூடலாம். இறக்கிய பின் மூன்று, நான்கு மணி நேரம் ஆறவிடாமல் வெட்டினால் மேற்கண்ட உழைப்பெல்லாம் வீணாகும். கெட்டிப்படுதல் ஆறும்போதுதான் நிறைவடைகிறது.

கேக்கில் பிரச்சினை வேறு விதமாகத் தலைகாட்டும். உறைந்த பழத்தை உருகவிட்டுக் கலந்தால் சாறு முழுவதும் மாவில் இறங்கிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் சிறிது உலர்ந்த மாவில் புரட்டி, கலவை தயாரான பின் இரண்டு மூன்று முறை மட்டும் மடித்துவிட்டு ஓவனில் வைப்பது நல்லது. வேகும் நேரம் மட்டும் சற்றுக் கூடும். பழத்தைச் சுற்றிச் சாம்பல் கலந்த நீலமோ பச்சையோ படர்ந்தால் பயப்பட வேண்டாம். பிளாக்பெர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் புளிப்பில் சிவந்தும் காரத்தன்மையில் நீலமாகவும் மாறும். பேக்கிங் சோடா தேவைக்கு மேல் இருந்தால், அல்லது அதைச் சமன்செய்யத் தயிர் போன்ற புளிப்புப் பொருள் இல்லாவிட்டால், இந்த நிறம் வரும். சாப்பிடலாம், ஆனால் பார்ப்பதற்கு நன்றாக இராது.

விதையை நீக்க மிக்ஸியில் நெடுநேரம் ஓட்டுபவர்கள் உண்டு. விதைகள் உடைந்து நறநறப்பும் கசப்பும்தான் மிஞ்சும். பழத்தைக் குழைய வேகவைத்து, சூடு இருக்கும்போதே சல்லடையில் தேய்த்து வடிப்பதே சரி. ஜாமுக்கு எல்லாப் பழமும் கனிந்ததாக இருக்க வேண்டியதில்லை. கால் பங்கு சிவந்த பழம் சேர்த்தால் அவற்றில் கூடுதலாக உள்ள பெக்டின் என்ற இயற்கையான கெட்டிப்படுத்தும் பொருள் இறுகுவதற்கு உதவும். கடல் மட்டத்தில் ஜாம் 104 முதல் 105 டிகிரியில் பதம் வரும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் இது ஏறக்குறைய 1 டிகிரி குறையும் என்பதை மறந்துவிட்டு, மலையூரில் அதே எண்ணை எதிர்பார்த்துக் காய்ச்சினால் ஜாம் மிட்டாய்ப் பாகாகிவிடும்.

முகாமில் முதல் எதிரி கீழ்ச்சூடு. டச்சு ஓவன் எனப்படும், இறுக்கமான மூடியுள்ள கனத்த வார்ப்பிரும்புச் சட்டியை எரியும் தீயின் மீது வைத்து மூடியின் மேல் எதுவும் போடாமல் விட்டால், அடியில் சர்க்கரை கருகிக்கொண்டிருக்கையில் மேல் மாவு பச்சையாகவே இருக்கும். சமைக்க வேண்டியது தணலில். அதிலும் பெரும்பங்கு மூடியின் மேல். 12 அங்குலச் சட்டியில் ஏறக்குறைய 175 டிகிரி வேண்டுமென்றால், சாம்பல் பூத்த கரிக்கட்டிகள் சுமார் 24 தேவை. மூன்றில் இரண்டு பங்கு மேலே, மீதி கீழே, அதுவும் நடுவில் குவியாமல் விளிம்பையொட்டி வட்டமாக. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமும் மூடியை எதிர்ப்பக்கமும் கால் சுற்று திருப்பினால் ஒரு புறம் மட்டும் கருகாது. காற்று பலமாக வீசினால் கரி வேகமாக எரிந்து தீர்ந்துவிடும். தடுப்பு அமைப்பது நலம். மூடியைச் சாய்த்துத் திறக்கவே கூடாது, சாம்பல் முழுவதும் காப்ளரில் கொட்டும். நேராகத் தூக்கி நேராக வைக்க வேண்டும்.

குளிர்ந்த பழத்தின் மீது மாவை இடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. பழக்கலவை கொதிக்கத் தொடங்கிய பின் மாவுக் கட்டிகளை வைத்தால் அடியிலிருந்து ஆவியும் மேலிருந்து தணலும் சேர்ந்து வேகவைக்கும். இல்லையெனில் மாவின் கீழ்ப்பாதி பிசினாகவே நிற்கும். இரும்பின் மேற்பூச்சைப் பழப்புளிப்பு அரித்து உலோகச் சுவையைக் கொண்டுவரும் என்பதால் உள்ளே பேக்கிங் தாள் விரிப்பது நல்லது. ஃபாயிலில் பொதிந்து தணலில் வைக்கும்போதும் அப்படியே. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே அங்கே கலவை கெட்டிப்படக் கூடுதல் நேரம் தர வேண்டும்.

உலர் பொருள்களை வீட்டிலேயே அளந்து ஒரே உறையில் போட்டுக்கொண்டு, பழத்தை மட்டும் கெட்டியான டப்பாவில் தாழ்வாகப் பரப்பிக் குளிர்பெட்டியில் எடுத்துச் செல்வது எளிது. சென்ற இடத்தில் பறிப்பதாக இருந்தால், களைக்கொல்லி தெளித்திருக்கக்கூடிய சாலையோரப் புதர்களைத் தவிர்க்க வேண்டும். இன்ன பழம் என்று உறுதியாகத் தெரியாததைத் தொடவே வேண்டாம். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பழத்தை அதில் அலசக் கூடாது, குடிக்கத் தகுந்த நீரே வேண்டும். மழை வந்தால் கரியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் புகை தெரியாவிட்டாலும் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும். மீந்த காப்ளரையும் சர்க்கரை ஒட்டிய சட்டியையும் கூடாரத்தில் வைத்துக்கொண்டு உறங்காமல், கரடி முதலிய விலங்குகள் நடமாடும் இடங்களில் அந்த முகாமின் விதிப்படி பூட்டிய பெட்டியிலோ தொலைவிலோ வைத்துவிட வேண்டும்.