நைட் வாட்ச் ராத்திரியே இல்லைங்க: பழைய ஓவியங்களைப் பாக்கும்போது நாம பண்ற தப்புகள்

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட்டோட 'நைட் வாட்ச்' (இரவுக் காவல்) ஓவியம் பத்தி எங்க படிச்சாலும் ராத்திரி ரோந்து போற வீரர்கள்னு எழுதியிருப்பாங்க, பேரைப் பாத்து கதையை முடிவு பண்ற தப்பு அங்கயே ஆரம்பிச்சுடுது. 1642ல அவர் வரைஞ்சப்போ அதுக்கு அந்தப் பேரே கிடையாது. ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல் படையில கேப்டன் ஃபிரான்ஸ் பான்னிங் கோக்கோட ஆளுங்க கிளம்புற காட்சி அது. மேல பூசின வார்னிஷ் கறுத்து அழுக்கேறிப் போகப் போக, 18ஆம் நூற்றாண்டு கடைசில பாத்தவங்க இருட்டுன்னு நினைச்சு பேரு வச்சுட்டாங்க, அதுவே நிலைச்சிருச்சு.

நம்பலைன்னா கேப்டன் முன்னாடி நீட்டியிருக்கிற இடது கையைப் பாருங்க. அந்தக் கையோட நிழல் பக்கத்துல வர்ற லெப்டினன்ட்டோட வெளிர் மஞ்சள் கோட்டு மேல விரல் விரலா விழுந்திருக்கு, அப்படி ஒரு வெயிலை வரைஞ்ச மனுஷன் ராத்திரியை வரைஞ்சாருன்னு எப்படி சொல்றது?

அடுத்தது எனக்கு ரொம்ப வருத்தமான கதை. படத்துல இருக்கிறவங்களுக்கே பிடிக்கலை, அதனாலதான் ரெம்ப்ராண்ட் நொடிச்சுப் போனார்னு இன்னும் ஷேர் பண்றாங்க. ஆனா படத்துல இருக்கிறவங்ககிட்ட இருந்து ஆளுக்கு சுமார் 100 கில்டர்னு (அப்போதைய டச்சுக் காசு) அவருக்குப் பணம் வந்திருக்கு, படம் அவங்க மண்டபத்துலயே தொங்கியிருக்கு. அவர் திவாலானது 1656ல, அதாவது 14 வருஷம் கழிச்சு, 1639ல 13,000 கில்டருக்கு வாங்கின வீட்டுக் கடனை கட்டி முடிக்க முடியாம திணறினதுக்கு அதுல பெரிய பங்கு உண்டு.

இன்னொண்ணு, கேப்டனை நட்ட நடுவுல நிறுத்தியிருக்கார்னு கம்போசிஷன் பாடம் எடுக்கிறது. 1715ல நகர மண்டபத்துக்கு மாத்தினப்போ சுவத்துல இடம் பத்தலைன்னு நாலு பக்கமும் வெட்டிட்டாங்க, இடது பக்கம்தான் அதிகம், அதோட ரெண்டு ஆளும் போயிட்டாங்க. வெட்டுறதுக்கு முன்னாடி லுண்டென்ஸ்னு ஒருத்தர் சின்னதா ஒரு நகல் போட்டு வச்சதால நமக்கு இது தெரியுது. அதுல கேப்டன் நடுவுல இருந்து கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நிக்கிறார், முன்னாடி நடக்க இடம் இருக்கு, மொத்த கூட்டமும் நகர்ற மாதிரி இருக்கு.

இன்னொரு டச்சு ஓவியர் வெர்மீரோட 'முத்துத் தோடு அணிந்த பெண்' படத்துல இருக்கிற பொண்ணு யாரு, வீட்டு வேலைக்காரியானு கேக்காதீங்க. அது நாவலும் சினிமாவும் கொடுத்த கற்பனை. டச்சுக்காரங்க 'ட்ரோனி'னு சொல்ற வகை அது, குறிப்பிட்ட ஒரு ஆளோட உருவப்படமா இல்லாம ஒரு முகத்தை, ஒரு உடுப்பை வரையறது. 1881ல ஹேக் நகரத்துல நடந்த ஏலத்துல 2 கில்டருக்கும் 30 சென்ட் கமிஷனுக்கும் போன படம்ங்க அது! அந்த முத்தும் கிட்டப் போய் பாத்தா மேல ஒரு வெள்ளைத் தீத்தல், கீழ காலரோட வெளிச்சம் பட்ட மாதிரி மெல்லிசா இன்னொண்ணு, அவ்ளோதான், காதுல மாட்டுற கொக்கியே கிடையாது.

ஓவியர் வான் எய்க் 1434ல வரைஞ்ச, கணவன் மனைவியா ஒரு ஜோடி நிக்கிற அர்னோல்ஃபினி படத்துல அந்தம்மா கர்ப்பமா இருக்காங்கன்னு சொல்றதும் அதே ரகம். அந்தக் காலத்து ஃபேஷன் அது, அவ்வளவு துணியையும் வயித்துக்கு முன்னாடி அள்ளிப் பிடிச்சிருக்காங்க. அப்போ வரைஞ்ச கன்னிப் புனிதைகளுக்கும் அதே வயிறுதான் இருக்கு.

மோனாலிசா கதை இன்னும் மோசம். 1911ல பாரிஸ் லூவர் மியூசியத்துல இருந்து அதைத் தூக்கிட்டுப் போன பெருஜ்ஜியாங்கிற இத்தாலிக்காரர், இது நெப்போலியன் இத்தாலில இருந்து திருடினது, அதைத்தான் திருப்பிக் கொண்டு வந்தேன்னு சொன்னார், ஆனா லியோனார்டோவேதான் அதைத் தன்கூட பிரான்ஸுக்கு எடுத்துட்டுப் போனார்.

வாட்ஸப்ல வர்ற மங்கின ஃபார்வர்டை வச்சு எதையும் பேசாதீங்க. அந்தப் படம் இருக்கிற ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 2022ல நைட் வாட்ச்சை 717 கிகாபிக்சல் போட்டோவா ஆன்லைன்ல போட்டு வச்சிருக்கு, ஃபோன்லயே ஜூம் பண்ணலாம். கூட்டத்துக்கு நடுவுல தங்க நிறத்துல மினுங்குற சின்னப் பொண்ணோட இடுப்புக்குப் போங்க, அங்க ஒரு வெள்ளைக் கோழி தலைகீழா தொங்கும், அதோட கால் நகம்தான் கேப்டனோட அந்தக் காவல் படையோட, அதாவது துப்பாக்கிப் படையோட சின்னம்.